ஏணியா, குளமா: வாண்மை விருத்திக்கு ஒரு படம்

யூன் 3, செவ்வாய், கிளிநொச்சி

தொழிற்பயிற்சிப் போதனாசிரியர்களுக்கான வாண்மை விருத்தித் திட்டத்தை, அதாவது அவர்களின் தொழில்சார் திறனை வளர்க்கும் திட்டத்தை, இம்மாதத்துக்குள் அவர்களுக்கே விளக்கியாக வேண்டும். ஆவணத்தில் எல்லாம் உள்ளீடு, செயற்பாடு, வெளியீடு, விளைவு என்று நான்கு நிரல்களில் எழுதப்பட்டிருக்கிறது. நிதி தருவோருக்கு அது போதும்; வெல்டிங் பட்டறையில் நாள் முழுக்க நிற்பவருக்குத் தனக்கும் பக்கத்து நிலையத்தாருக்கும் இதில் என்ன தொடர்பு என்பது அந்த அட்டவணையிலிருந்து புலப்படாது. ஒரே படமாக வரைந்து காட்டுவதென்று தீர்மானித்தோம்.

யூன் 5, வியாழன்

முதல் வரைவு ஏணி. தேசிய தொழிற்றகைமைச் சட்டகத்தில் 7 மட்டங்கள் உள்ளன: 1 முதல் 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். பயிலுநருக்கு அதை விளக்க ஏணியைவிடப் பொருத்தமான படம் இல்லை. போதனாசிரியருக்கோ அது வேறு பொருள் தருகிறது. மாங்குளத்திலிருந்து வந்திருந்த மோட்டார் திருத்துநர் பயிற்சிப் போதனாசிரியர் படத்தைப் பார்த்ததும், "உதில கீழ்ப்படியில நிக்கிறது ஆர் சேர், நாங்களோ?" என்று கேட்டார். இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லக்கூடியவரை ஒரு படம் கீழே நிறுத்திவிட்டால், அதனடியில் எத்தனை வரி விளக்கம் எழுதினாலும் அவர் மனதில் நிற்பது அந்தப் படமே.

யூன் 11, புதன்

இன்று குளத்தொடரை வரைந்தோம். வன்னியில் இதை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை: மேற்குளம் நிரம்பி வான் பாயும் நீரும், அதன் வயல்களிலிருந்து வடியும் கழிவுநீரும் கீழ்க்குளத்தைச் சேரும். எமது திட்டமும் அவ்வாறே, முதற்குழு கொழும்பில் பயின்று மாவட்டக் குழுவுக்கும், மாவட்டக் குழு ஊர் நிலையங்களுக்கும் கற்பிக்கும் ஒழுங்கு. இத்தகைய பயிற்சியின் பழைய குறை, ஒவ்வொரு படியிலும் சத்து நீர்த்துப்போவதாகும். மேலே நாட்கணக்கில் கற்றது கடைசி நிலையத்தை ஒரு மத்தியான உரையாகவே சென்றடைகிறது.

அந்த இடத்தில்தான் தையற்பயிற்சிப் போதனாசிரியை ஒருவர் குறுக்கிட்டார். "மேற்குளத்துத் தண்ணிய மட்டும் நம்பியே கீழ்க்குளம் நிறையிறது? அதுக்கெண்டு நீரேந்து பகுதி இல்லையோ, சேர்?" என்று கேட்டுவிட்டு, நீல மார்க்கரை வாங்கி ஒவ்வொரு குளத்தைச் சுற்றியும் ஒரு வளைகோட்டை இட்டார். அதற்குள் அவ்வவ்வூர்த் தையற்கடை, அரிசி ஆலை, கராஜ், மரவேலைப் பட்டறை என்று எழுதினார். நான்கு நிரல் அட்டவணையில் இவற்றுள் ஒன்றுக்குமே இடமில்லை. திட்டத்தை விளக்க வரைந்த படம் திட்டத்தின் ஓட்டையைக் காட்டித் தந்தது. என் கணிப்பில் அதுவே அதன் முதற்பயன்.

யூன் 17, செவ்வாய்

ஊர் நிலையங்களின் கருத்து மேலே செல்வதைக் காட்ட மேல்நோக்கிய அம்புக்குறி இடலாமென்று ஒருவர் சொன்னார். நீர் மேட்டுக்கு ஏறும் குளத்தை வன்னியில் யார் நம்புவார்? உருவகத்தை வளைப்பதைவிட, அது சொல்லாததைப் படத்தின் கீழே தனி வாக்கியமாக எழுதுவதே நேர்மை; அவ்வாறே எழுதினோம்.

போதனாசிரியர்கள் தத்தம் ஊர்ப் பட்டறைகளில் சில நாட்கள் பணியாற்றும் ஒழுங்கு திருத்திய திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளது. பயணப்படியை எந்தத் தலைப்பில் காட்டுவதென்று கணக்குப் பிரிவு இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.