ரேடார் கன்கள் வேறொரு பையனுக்காக வந்திருந்தன

பேஸ்பாலில் கேட்சர் என்பது கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பரை ஒத்த இடம். டெக்சஸில் பதினோராம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகன் பள்ளி அணியின் கேட்சர்.

டிசம்பரில் நடந்த, பயிற்சியாளர்கள் முன் பிள்ளைகள் திறமையைக் காட்டும் ஒரு ஷோகேஸ் முகாமுக்கு, "முதல் டிவிஷன் கல்லூரிப் பயிற்சியாளர்கள் வருவார்கள்" என்ற விளம்பரத்தை நம்பி, கணிசமான கட்டணம் செலுத்திப் பல மணி நேரம் காரோட்டிப் போனோம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை மூன்று டிவிஷன்களாகப் பிரித்து நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் நாள்காட்டிப்படி, முதல் டிவிஷன் பயிற்சியாளர்கள் குளிர்காலத்தில் தம் வளாகத்துக்கு வெளியே எந்த மாணவனின் ஆட்டத்தையும் பார்க்கக் கூடாது என்பது அங்கே வந்திருந்த இன்னொரு தந்தை சொல்லித்தான் தெரிந்தது. வந்திருந்தவர்களோ விளையாட்டுக்கென்று உதவித்தொகையே தராத மூன்றாம் டிவிஷன் கல்லூரிக்காரர்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, பதிவு மேசையில் இருந்தவர் தலை நிமிராமலேயே, "எதிர்பார்க்கிறோம் என்றுதானே போட்டிருந்தோம்" என்றார். எந்த முகாமுக்கும் பணம் கட்டுமுன் அந்த நாள்காட்டியைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

வசந்தத்தில், ஒரு பள்ளி ஆட்டத்தின்போது, மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் வலையையொட்டி, திறமையான வீரர்களைத் தேடி வரும் ஸ்கவுட்டுகள் வரிசையாக அமர்ந்திருந்தார்கள். பந்தின் வேகத்தை அளக்கும் அத்தனை ரேடார் கன்களும் எதிரணியின் இடக்கைப் பிட்சருக்காக, அதாவது பந்து வீசுபவனுக்காக, வந்தவை. ஐந்தாவது இன்னிங்ஸில் அவனை மாற்றியதும், எங்கள் பிள்ளைகள் மட்டை பிடித்து நிற்பதைக்கூடப் பாராமல், கன்களைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். வயிற்றெரிச்சல் இன்னும் தீரவில்லை.

ஸ்டாப்வாட்ச் வைத்திருந்த ஒருவர் மட்டும் இருந்தார். ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் முன்னால், பிட்சரின் கடைசிப் பயிற்சிப் பந்தை வாங்கிக் கேட்சர் இரண்டாம் பேஸுக்கு எறிவான். பெற்றோர்கள் தின்பண்டம் வாங்க எழுந்து போகும் நேரம் அது. பந்து மகனின் கையுறையில் விழும்போது ஒருமுறை அழுத்தி, இரண்டாம் பேஸில் பிடிபடும்போது மறுமுறை அழுத்தி, அவர் எதையோ எழுதிக்கொண்டார். பாப் டைம் எனப்படும் அந்த அளவு 2 நொடியை ஒட்டி இருந்தால்தான் கவனிக்கிறார்கள். ஆகவே, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அந்த எறிதலில் சோம்பல் காட்ட வேண்டாம் என்று உங்கள் பிள்ளையிடம் சொல்லிவையுங்கள்.

அவர் ஒரு கல்லூரியின் துணைப் பயிற்சியாளர் என்பது பிறகு வந்த தொலைபேசி அழைப்பில்தான் தெரிந்தது. மதிப்பெண் பட்டியலை என்.சி.ஏ.ஏ. தகுதி மையத்துக்கு அனுப்பச் சொன்னார். அதைப் பள்ளியே நேரடியாக அனுப்ப வேண்டும். பெற்றோர் அனுப்பினால் செல்லாது. பள்ளி அலுவலகம் "அனுப்பியாயிற்று" என்றே சொல்லிக்கொண்டிருக்க, மையத்தின் தளத்தில் எங்கள் கணக்கு "கிடைக்கவில்லை" என்றே காட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் அந்தத் திரையை அச்செடுத்து அலுவலரின் மேசையில் வைத்த பிறகே அது உண்மையில் போனது. தேவைப்படும் 16 அடிப்படைப் பாடங்களும் உங்கள் பள்ளிக்கென மையம் அங்கீகரித்த பட்டியலில் உள்ளனவா என்பதையும் ஒன்பதாம் வகுப்பிலேயே சரிபார்த்துவிடுவது நல்லது.

என்.சி.ஏ.ஏ. மீதான வழக்கில் ஏற்பட்ட புதிய சமரச உடன்படிக்கையை ஏற்ற முதல் டிவிஷன் கல்லூரிகளில், 2025-26 முதல் பேஸ்பால் அணிக்கு 34 பேர்தான் உச்சவரம்பு. எனவே உதவித்தொகையைப் பற்றிப் பேசுமுன், அணியில் இப்போது எத்தனை கேட்சர்கள் என்று கேட்டோம். நால்வர் என்றும், மகன் சேரும் ஆண்டுக்குள் அவர்களில் இருவர் படிப்பை முடித்துவிடுவார்கள் என்றும் தயங்காமல் சொன்னார்.