பிரிட்டனில் புதிதாக வேட்டைக்கு வருகிறவருக்கு: நிலக்காரர் அனுமதியும் காப்பீடும்

பிரிட்டனில் கேட்பாரற்ற நிலம் என்று ஒன்று இல்லை. ஊர்ப் பொது மேய்ச்சல் வெளிக்கும் உரிமையாளர் உண்டு, வனத்துறைக் காட்டுக்கும் உண்டு. ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் ஏறக்குறைய எங்கும் நடந்து திரிய உரிமை தந்திருந்தாலும், வேட்டையை அந்த உரிமையிலிருந்து வெளிப்படையாகவே விலக்கியிருக்கிறது. 1968 துப்பாக்கிச் சட்டத்தின் 20ஆம் பிரிவு இன்னும் கடுமையானது: தகுந்த காரணமில்லாமல் துப்பாக்கியோடு அடுத்தவர் நிலத்துக்குள் நுழைந்தாலே குற்றம், சுட்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அழுத்தக் காற்றால் குண்டைச் செலுத்தும் காற்று ரைஃபிள், குண்டு வெளியேறும் ஆற்றல் 12 அடி-பவுண்டுக்கு மேற்படாவிட்டால், அதற்கு உரிமம் வேண்டாம். ஆனால் இந்த 20ஆம் பிரிவு அதையும் விடுவதில்லை. ஸ்காட்லாந்தில் 2016 டிசம்பர் 31 முதல் காற்றுத் துப்பாக்கிக்கே சான்றிதழ் வேண்டும்.

அனுமதியை யாரிடம் கேட்பது என்பதில்தான் பெரும்பாலான சிக்கல்கள் தொடங்குகின்றன. டிராக்டரில் இருப்பவர் சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. குத்தகைக்காரராக இருக்கலாம், கூலிக்கு உழுபவராகவும் இருக்கலாம். நிலம் அவருடையதாகவே இருந்தாலும் வேட்டை உரிமை தனியே பிரிந்து ஒரு வேட்டைக் குழுவிடம் போயிருக்கலாம். எனவே மூன்று கேள்விகளையும் கேட்டுவிடுங்கள்: நிலம் யாருடையது, பயிர் செய்வது யார், வேட்டை உரிமை யாரிடம்? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உரிமையாளர் யார் என்பதை நிலப் பதிவகத்தில் 7 பவுண்டு கட்டி இணையத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

குத்தகைக்காரருக்கும் ஓர் உரிமை உண்டு. 1880ஆம் ஆண்டுச் சட்டப்படி முயல்களால் பயிர் அழியாமல் காக்க அவரே சுடலாம், இன்னொருவருக்கும் அனுமதி தரலாம். ஆனால் அந்த அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும். துப்பாக்கியோடு வரச் சாதாரணமாக ஒருவருக்குத்தான் தர முடியும். அவரிடம் ஏற்கெனவே ஓர் ஆள் இருந்தால் நீங்கள் இரண்டாமவர், உங்கள் கடிதம் செல்லாது. அதே வயலில் ஃபெசன்ட் என்னும் வேட்டைப் பறவை பறந்தால் அது வேட்டை உரிமை வைத்திருப்பவருடைய விஷயம். குத்தகைக்காரர் தலையசைத்தது போதாது.

காப்பீட்டுக்கு வருவோம். சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை. ஆனாலும் நிலக்காரர் கதவைத் தட்டும் முன்பே அதை எடுத்துவிடுங்கள், ஏனென்றால் அவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று அதுவாகத்தான் இருக்கும். தனியாக பாலிசி தேட வேண்டாம். வேட்டைச் சங்கத்தில் சேர்ந்தால் பொதுப் பொறுப்புக் காப்பீடு உறுப்பினர் கட்டணத்திலேயே அடங்கிவிடும். 1908இல் தொடங்கிய, பாஸ்க் (BASC) என்று அழைக்கப்படும் வேட்டைச் சங்கம் 1 கோடி பவுண்டு வரை இந்தக் காப்பு தருகிறது. கன்ட்ரிசைட் அலையன்ஸ் போன்ற அமைப்புகளிலும் இதே வசதி உண்டு.

இந்தக் காப்பு எதற்கு என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். உங்கள் தவறால் அடுத்தவர் உடலுக்கோ உடைமைக்கோ சேதம் வந்தால், பக்கத்து வயல் குதிரைக்குக் குண்டு பட்டால், அதற்குத்தான். உங்கள் துப்பாக்கியோ அதில் மாட்டும் குறிநோக்கியான ஸ்கோப்போ திருடு போனால் இதில் ஒன்றும் கிடைக்காது. பணம் வாங்கிக்கொண்டு முயல் ஒழிக்கப் போனால் அது தொழில். பொழுதுபோக்குக் காப்பு அங்கே கைவிடக்கூடும். கூட வரும் நண்பர் தனியே உறுப்பினராக இல்லாவிட்டால் அவர் செய்யும் தவறுக்கு உங்கள் உறுப்பினர் அட்டை பதில் சொல்லாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அனுமதியில்லாத நிலத்தில் நடந்த விபத்துக்குக் காப்பீட்டை நம்பி நிற்க முடியாது. சட்டப்படி செய்யும் வேட்டைக்குத்தான் அது துணை.

கேட்கும் காலமும் முக்கியம். ஆட்டுக்குட்டி ஈனும் வசந்த நாட்களிலும் அறுவடை நடக்கும் ஆகஸ்டிலும் விவசாயிக்கு நின்று பேச நேரமில்லை. குளிர்காலக் கடைசியில் வுட்பிஜன் புறாக்கள் எண்ணெய்க்காக வளர்க்கும் ரேப் கடுகு வயலை மொட்டையடிக்கும்போது போனால் உங்கள் வருகைக்கே ஓர் அர்த்தம் இருக்கும். பகல் வெளிச்சத்தில், சாதாரண உடையில், துப்பாக்கியை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். புதியவர் என்பதை மறைக்க வேண்டாம். காற்று ரைஃபிளோடு முயல், சாம்பல் அணில் மட்டும் என்று சிறிதாகக் கேட்பவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். 25 மீட்டரில் எல்லாக் குண்டுகளும் ஓர் அங்குலத்துக்குள் விழாதவரை கேட்கவே போகாதீர்கள். அது விலங்குக்குச் செய்ய வேண்டிய கடமை.

சம்மதித்தால் கடிதத்தை நீங்களே தயாராக வைத்திருங்கள். அவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்றிருக்க வேண்டும். இருவர் பெயர், முகவரி, எந்த விலங்குகள், எந்தத் துப்பாக்கி, எந்த நேரம், எந்தத் தேதி வரை, ஆள் கூட்டி வரலாமா, நாய் வரலாமா, இரவில் விளக்கோடு வரலாமா, எல்லாம் அதில் வேண்டும். கூடவே 1:25,000 அளவு வரைபடத்தில் எல்லையை மையால் வரைந்து அதிலும் கையெழுத்து வாங்குங்கள். எல்லைத் தகராறில் உங்களைக் காப்பாற்றப்போவது அந்த வரைபடம்தான். புறா சுடுவதாக இருந்தால் எந்தப் பயிருக்குச் சேதம் என்பதையும் எழுதுங்கள்: இங்கிலாந்தில் சில காட்டுப் பறவைகளைச் சுட எல்லாருக்கும் பொதுவாகத் தரப்படும் ஜிஎல்42 (GL42) உரிமம் கடுமையான சேதத்தைத் தடுக்கத்தான் அனுமதிக்கிறது, விரட்டும் வழிகளையும் முயன்றிருக்க வேண்டும் என்கிறது. அதன் நிபந்தனைகளை ஆண்டுதோறும் படித்துக்கொள்ளுங்கள்.

பிறகு துப்பாக்கியில்லாமல் ஒருமுறை அவரோடு நிலத்தைச் சுற்றி வாருங்கள். நடைபாதைகள், மாடு நிற்கும் வயல், குதிரை லாயம், குண்டைத் தாங்கும் மண்மேடு ஆகியவற்றை வரைபடத்தில் குறியுங்கள். காற்றுத் துப்பாக்கிக் குண்டு எல்லை தாண்டுவதே பக்கத்து நிலக்காரர் சம்மதமில்லாவிட்டால் தனிக் குற்றம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சாலை நடுவிலிருந்து 50 அடிக்குள் சுட்டு, போகிறவருக்கு இடையூறோ ஆபத்தோ வந்தால் அதுவும் குற்றம். சான்றிதழ் தேவைப்படும் ரைஃபிளுக்குப் போகும்போது புதியவருக்குப் பெரும்பாலும் காவல்துறை ஏற்ற நிலத்தில் மட்டுமே சுடும் நிபந்தனை இருக்கும், ஆகவே அனுமதிக் கடிதம் அங்கேயும் வேண்டும்.

அனுமதி பறிபோவது பெரும்பாலும் சின்ன விஷயங்களால்: திறந்துவிட்ட கேட், வயலில் கிடக்கும் தோட்டா உறை, சொல்லாமல் கூட்டிவந்த நண்பர், இடம் தெரியும்படி இணையத்தில் போட்ட படம். ஒவ்வொரு முறையும் போகும் முன் நிலக்காரருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். இரவு வேட்டை என்றால் காவல்துறையின் அவசரமில்லா அழைப்பு எண்ணான 101ஐ அழைத்து இடம், நேரம், வண்டி எண்ணைச் சொல்லிப் பதிவு எண் வாங்குங்கள். கடிதத்தின் நகலும் உறுப்பினர் அட்டையும் எப்போதும் பையில் இருக்கட்டும். நிலக்காரர் காலமானாலோ நிலம் விற்கப்பட்டாலோ பழைய அனுமதி அத்தோடு முடிந்தது. புதிய உரிமையாளரிடம் கடிதம் வாங்கும் வரை அங்கே போகக் கூடாது.