வடியும் தண்ணீரில் தூண்டில்

பொன்னையாற்றில் வெள்ளம் வந்தால் பாலத்தின் மேல் கூட்டம் கூடிவிடும். தூண்டில்காரனுக்கு அந்த நேரத்தில் ஆற்றில் வேலை இல்லை. கூட்டம் கலைந்து, தண்ணீர் வடியத் தொடங்கிய பிறகே அவன் போக வேண்டும். சென்ற மழைக்காலம் முழுவதும் காட்பாடியிலிருந்து பஸ் பிடித்துப் போய் நான் சோதித்துப் பார்த்தது இந்த ஒன்றைத்தான். மழை பெய்தாலே கை துறுதுறுக்கும் நம் பக்கத்துக்காரர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

இந்த எண்ணத்தை எனக்குள் போட்டவன் ஸ்காட்லாந்தில் அபர்தீன் நகரில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன். அங்கே டீ என்ற ஆறு கடலில் கலக்கிறது. சால்மன் மீனுக்குப் பேர்போன ஆறு. "அண்ணா, தண்ணீர் எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று பார்க்காமல் இங்கே யாரும் தூண்டிலைக் கையில் எடுப்பதில்லை" என்று ஒருமுறை போனில் சொன்னான். அதிலிருந்து சால்மனைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஆற்றின் மேல்பகுதியில் கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிடும் மீன் அது. குஞ்சுகள் ஆற்றிலேயே சில ஆண்டுகள் வளர்ந்து கடலுக்குப் போகும். அங்கே கொழுத்துப் பெருத்த பின், தான் பிறந்த ஆற்றையே மோப்பத்தால் கண்டுபிடித்துத் திரும்பி வரும். ஆற்றில் தண்ணீர் குறைந்திருந்தால் முகத்துவாரத்திலும் மடுக்களிலும் காத்துக் கிடக்கும். பெருமழை பெய்து புதுத் தண்ணீர் இறங்கியதும் மேலே ஏறும்.

அந்த மழைக்குத்தான் தூண்டில்காரர்களும் காத்திருக்கிறார்கள். ஆனால் நீர் ஏறும்போது சேறும் சருகும் கிளையும் சேர்ந்து வருவதால் மீனுக்கு ஒன்றும் தெரியாது. நீர் இறங்கத் தொடங்கி, கலங்கல் விலகி, கறுப்புத் தேநீர் நிறத்துக்கு வருகிற வேளைதான் அவர்களுக்குப் பொன்னான வேளை. இத்தனைக்கும், ஆற்றுக்குள் வந்துவிட்ட சால்மன் இரை எடுப்பதையே நிறுத்திவிடுகிறது. இறகும் நூலும் சுற்றிய முள்ளை அது பசியால் கவ்வுவதில்லை. எனக்கு இதைப் படித்தபோதுதான் ஆசை முற்றியது. பசியில்லாத மீனுக்கே வடிநீர் இவ்வளவு முக்கியம் என்றால், வெள்ளத்தில் இரை தேடும் நம் கெளுத்திக்கும் கெண்டைக்கும் எவ்வளவு முக்கியமாக இருக்கும்?

பாலாற்றை விட்டுவிட்டுப் பொன்னையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர் தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்பதை நாம் கண்ணால் பார்த்தவர்கள். 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகும், மழை நீர் வந்தால் ஆம்பூர்ப் பக்கம் ஆற்றில் நுரை மிதந்துகொண்டுதான் இருக்கிறது. அந்தத் தண்ணீரில் பிடித்த மீனை வீட்டுக் குழந்தைகளுக்கு வைக்க எனக்கு மனம் வராது. பொன்னை சித்தூர் பக்கத்திலிருந்து வருகிறது. ராஜராஜ சோழன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு எழுப்பிய கோயில் இருக்கும் மேல்பாடியைக் கடந்து, திருவலம் வழியாகப் போய்ப் பாலாற்றில் சேர்கிறது. மேல்பாடிக்கும் திருவலத்துக்கும் இடைப்பட்ட கரைதான் என் களம்.

புரட்டாசியில் பெய்த முதல் நல்ல மழைக்குப் பிறகு ஆறு செம்மண் நிறத்தில் ஓடியது. தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைக் கண்ணை மட்டும் நம்பிச் சொல்ல முடியாது. ஆகவே கத்தியால் விரற்கடைக்கு ஒரு கோடு கீறிய வேலங்குச்சியைக் கரையோரத் தண்ணீரில் ஊன்றினேன். ஏறும் தண்ணீரிலும் வேண்டுமென்றே தூண்டில் போட்டுப் பார்த்தேன். முள்ளில் வைக்கோலும் பிளாஸ்டிக் பையும்தான் மாட்டின. மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் குச்சியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தம்பி, ஏறுகிற தண்ணீரில் மீன் உயிரைப் பார்க்கும். இறங்குகிற தண்ணீரில்தான் வயிற்றைப் பார்க்கும்" என்றார். குச்சியில் இரண்டு கோடு இறங்கிய பிறகு முதல் கெளுத்தி கடித்தது. பிறகு அந்த மழைக்காலம் முழுக்கக் குச்சி சொன்னதும் பெரியவர் சொன்னதும் பொய்க்கவே இல்லை.

இரையில்தான் அதிக நேரம் போனது, கற்றதும் அங்கேதான். கலங்கல் நீரில் மீனுக்குக் கண் உதவாது. கெளுத்தி மீசையாலும் மோப்பத்தாலும்தான் இரையைத் தேடும். ஏரியில் கெண்டைக்கு நன்றாக வேலை செய்யும் கோதுமை மாவு உருண்டை ஓடும் ஆற்றில் கரைந்து போகிறது. மண்புழு நின்று பிடிக்கிறது. குப்பைமேட்டு ஈரத்தில் தோண்டி எடுத்த தடித்த புழுவை முள்ளின் வளைவு முழுக்கக் கோத்து, நுனியில் சிறிது துடிக்க விட வேண்டும். கோழிக்குடல் இன்னும் வலுவான வாசம் தரும். ஆனால் அதற்கு நண்டும் வந்துவிடும். தக்கையை ஐப்பசியிலேயே கழற்றி வைத்துவிட்டேன். ஓட்டம் அதை இழுத்துக்கொண்டு போய்க் கரையில் ஒதுக்கிவிடுகிறது. தூண்டில் நரம்பில் சற்றுக் கனமான ஈயத்தைக் கட்டித் தரையில் உட்கார வைத்து, நரம்பை ஆள்காட்டி விரலின் மேல் போட்டுக்கொண்டு காத்திருப்பதே மேல். தண்ணீர் இழுப்பது ஒரே சீராக இருக்கும். கெளுத்தி தொட்டால் டக் டக் என்று இரண்டு தட்டு, பிறகு ஓர் இழுப்பு. விரல் அந்த வேறுபாட்டைச் சீக்கிரமே கற்றுக்கொள்கிறது.

கெளுத்தியைக் கையாளும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். முதுகில் ஒரு முள், பக்கத்துக்கு ஒரு முள். வெளியே எடுத்ததும் மூன்றையும் விறைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் மடக்கினால் மடங்காது. கையில் இருக்கும்போது கிர் கிர் என்று ஓர் ஒலி வரும். பக்க முள்ளை அதன் பொருத்தில் தேய்த்து எழுப்பும் ஒலி அது. ஈரத் துணியை விரித்து, பக்க முட்களுக்குப் பின்னால் இரு விரல் கொடுத்துப் பிடித்தால் குத்து வாங்காமல் தூண்டில் முள்ளைக் கழற்றலாம்.

எந்த இடத்தில் போடுவது? நடு ஆற்றை மறந்துவிடலாம். பாலத் தூணுக்குப் பின்னால் தண்ணீர் சுழன்று நிற்கும் இடம், நாணல் புதருக்குக் கீழ்ப்புறம், ஓடை வந்து சேரும் வாய் ஆகிய மூன்றும்தான் எனக்குக் கொடுத்தன. மூன்றிலும் சிறந்தது ஓடை வாய். சின்ன ஓடை சீக்கிரம் தெளிந்துவிடும். ஆறு இன்னும் செம்மண்ணாக இருக்கும். இரண்டும் சேரும் இடத்தில் தெளிநீரும் கலங்கலும் கலக்காமல் சிறிது தூரம் பக்கம் பக்கமாக ஓடும். அந்தக் கோட்டின் மேல் இரை விழ வேண்டும்.

கார்த்திகையில் ஏரிகள் நிரம்பி, உபரி நீர் வழியும் கோடி வழியாக வழியத் தொடங்கின. ஏரியில் விட்டு வளர்த்த கட்லாவும் ரோகுவும் கோடித் தண்ணீரோடு தப்பி ஓடைகளில் இறங்கின. குத்தகை எடுத்த ஏரியில் கேட்காமல் தூண்டில் போடுவது தவறு. நான் ஓடையோடு நிறுத்திக்கொண்டேன். கோடியின் கல் சரிவில் பார்த்ததைத்தான் சொல்ல வேண்டும். விரல் நீளக் கெண்டைகள் இறங்கும் தண்ணீரை எதிர்த்து ஏறிக்கொண்டிருந்தன. பாதி தூரம் ஏறும், சரியும், கல் இடுக்கில் ஒதுங்கும், மறுபடி ஏறும். அவற்றில் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். வயிறு இறுகப் பருத்திருந்தது. லேசாகத் தொட்டதற்கே மணல் போன்ற முட்டை விரலில் ஒட்டியது. அதைக் கோடிக்கு மேலே ஏரித் தண்ணீரில் விட்டேன். அன்று முதல் முட்டை மீன் எதுவாக இருந்தாலும் திரும்ப விட்டுவிடுகிறேன். டீ ஆற்றில் சால்மனைப் பிடித்தவர்களும் ஆற்றிலேயே விட்டுவிடுகிறார்கள் என்று தம்பி சொன்னான். ஸ்காட்லாந்தில் ஞாயிற்றுக்கிழமை சால்மனுக்குத் தூண்டில் போடச் சட்டமே இடம் கொடுப்பதில்லை.

அங்கே பிட்லாக்ரி அணையில் சால்மன் ஏறுவதற்கென்றே தொட்டி தொட்டியாகப் படி கட்டியிருக்கிறார்கள். நம் பக்கம் தடுப்பணைக்கு மேல் தடுப்பணை கட்டுகிறோம். நிலத்தடி நீருக்கு அது தேவைதான். அதன் ஓரத்தில் கல் பாவிய ஒரு சாய்தளம் சேர்த்தால், அடியில் முட்டிக்கொண்டு நிற்கும் மீன் மேலே போகும். நீர்வளத் துறை வரைபடம் போடும்போதே இதைச் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மழைக்குப் பின் ஆற்றில் இறங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நம் தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும். சித்தூர் மாவட்டத்தில் பெய்த மழையால் கலவகுண்டா அணையைத் திறந்திருப்பார்கள். பொன்னையில் தண்ணீர் அப்படித்தான் வருகிறது. 2021 நவம்பரில் பாலாறும் பொன்னையும் கொண்டுவந்த வெள்ளத்தை மறந்தவர்கள் இருக்க முடியாது. வாணியம்பாடியில் 1903 வெள்ளத்தில் மாண்டவர்களுக்கு நினைவுத்தூணே நிற்கிறது. நான் செய்தியில் அணை நிலவரம் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். ஊன்றிய குச்சியில் ஒரு கோடு ஏறினாலும் சாமானைக் கட்டிவிடுகிறேன். மணல் அள்ளிய குழிகள் கலங்கல் நீரில் கண்ணுக்குத் தெரியாது. முழங்கால் அளவுத் தண்ணீர் என்று நம்பிக் கால் வைக்கவே கூடாது.

இந்த ஆண்டு ஆடி, ஆவணி மழையிலேயே தொடங்கப் போகிறேன். ஓடை வாயில் விரால் இருப்பதாகச் சொல்கிறார்கள். அது உயிருள்ள இரையைத் துரத்தும் மீன் என்பதால், தண்ணீர் நன்றாகத் தெளிந்த பிறகு சிறு தவளையை வைத்துப் பார்க்க வேண்டும். குச்சிக்குப் பதிலாக அடிக்கு ஒரு கோடு போட்ட சவுக்குக் கழி ஒன்றைச் சீவி வைத்திருக்கிறேன். எந்தக் கோட்டில் எந்த மீன் கடிக்கிறது என்று இனி நோட்டில் குறித்து வரப் போகிறேன்.