சிசரோவின் கடிதங்கள்
பழைய ரோமின் பேச்சாளர் சிசரோ என்றதும் எல்லோரும் மேடைப் பேச்சைத்தான் சொல்வார்கள், எனக்கு அவருடைய கடிதங்கள்தான் நெருக்கம். கி.மு. 63-இல் ரோமின் கான்சல், அதாவது ஆட்சியின் உச்சப் பதவியில் இருந்தவர், ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்த கேட்டிலைனின் சதியை முறியடித்தவர், சரி, ஆனால் பிடிபட்டவர்களை விசாரணையே இல்லாமல் கொன்றது பெரிய தவறு என்றுதான் நினைக்கிறேன், கி.மு. 58-இல் அவர் ரோமை விட்டே வெளியேற வேண்டி வந்ததும் அதனால்தான். அப்படி வெளியேறியிருந்த காலத்தில் நண்பர் அட்டிகஸுக்கு எழுதும்போது மேடைக் கம்பீரமெல்லாம் காணோம், உடைந்துபோய்ப் புலம்புகிறார். மகள் துல்லியா இறந்தபோதும் அப்படியே. அப்புறம், சீசருக்குப் பின் அதிகாரத்தைப் பிடிக்கப் பார்த்த மார்க் ஆண்டனிக்கு எதிராக 14 உரைகள். கி.மு. 43 டிசம்பரில் ஆண்டனியின் ஆட்கள் சிசரோவைக் கொன்று, தலையையும் கையையும் ரோமின் பேச்சு மேடையிலேயே வைத்தார்கள், எவ்வளவு வன்மம்! அட்டிகஸுக்கு எழுதியவற்றை 1345-இல் இத்தாலியின் வெரோனாவில் கவிஞர் பெட்ரார்க் கண்டெடுத்தார். உரைகளுக்கு முன் இவற்றைப் படியுங்கள்.