குளிப்பாட்டுவது பெரிய வேலையில்லை, காயவைப்பதுதான்

ஷிட்சூ என்கிற முடி அடர்ந்த சின்ன ரக நாய்க்குட்டிக்கு வாரம் ஒரு குளியல் வேண்டும் என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் வெயில் அடிக்கிற ஊர்க்காரர்கள். கோத்தகிரியில், அதுவும் ஐப்பசி மழையில், அந்தக் கணக்கு ஒத்துவராது. ஊட்டி, கூடலூர்ப் பக்கம் ஆனி ஆடியில் கொட்டித் தீர்க்கும். எங்களுக்கும் குன்னூருக்கும் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அக்டோபரில் பிடித்தால் துவைத்த துணி வீட்டுக்குள்ளேயே நாள்கணக்கில் தொங்கும், எடுத்து மடிக்கும்போதும் ஈர வாடை போயிருக்காது. அந்த நேரம் பார்த்துத்தான் பூந்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். இரண்டு கைக்குள் அடங்குகிற உடம்பு, உடம்பு முழுக்கப் புசுபுசுவென்று முடி. அந்த முடியைத் தோல் வரைக்கும் காயவைத்து எடுப்பதற்குத்தான் இங்கே பொறுமை வேண்டும்.

கோவையில் ஒருவரிடம் வாங்கினோம். "ரெண்டு மாசம் முடிஞ்சிருச்சு, ஊசியெல்லாம் போட்டாச்சு" என்று ஓர் அட்டையும் கொடுத்தார். அட்டையில் பேனாவால் எழுதிய தேதிகள் மட்டும் இருந்தன. மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டுகிற ஸ்டிக்கரும் இல்லை, டாக்டர் கையெழுத்தும் இல்லை. மேட்டுப்பாளையம் தாண்டினால் வளைவுகள், வாந்தி எடுக்கும், அதனால் காலையிலிருந்து பட்டினி போடுங்கள் என்று வேறு சொன்னார். பெரிய நாய்க்கு அது சரி. இவ்வளவு சின்ன குட்டி நெடுநேரம் சாப்பிடாமல் இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். துவண்டு போகும், தள்ளாடும், வலிப்புகூட வரலாம். எங்கள் ஊர்க் கால்நடை டாக்டரிடம் போனில் கேட்டுக்கொண்டு, கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் கொஞ்சமாகச் சாப்பிட வைத்தோம். கையில் சின்ன பாட்டிலில் தேன். குட்டி சோர்ந்தால் ஈறில் ஒரு துளி தடவிவிட்டு, எது பக்கமோ அந்த ஆஸ்பத்திரிக்கு வண்டியைத் திருப்பச் சொன்னார். தேனுக்கு வேலை வரவில்லை. வாந்தி வந்தது, என் மகளின் ஸ்வெட்டர் மேல்.

மறுநாள் டாக்டர் பூந்தியின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். "ரெண்டு மாசமெல்லாம் ஆகலைங்க. ஆறு வாரம் இருக்கும்" என்றார். அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை நம்பி உட்கார வேண்டாம், முதல்லேர்ந்து போட்டுருவோம்" என்றார். மூன்று நான்கு வார இடைவெளியில், நாலு மாதம் ஆகும் வரை தடுப்பூசி. மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்து. மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி. "வீட்டை விட்டே இறங்காத நாய்க்கு ரேபிஸ் ஊசி எதுக்கு?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். ரேபிஸ் தடுப்பூசிக்குப் பெயர்போன பாஸ்டர் இன்ஸ்டிடியூட் 1907இலிருந்து இருக்கிற குன்னூரில் பிறந்து வளர்ந்தவர் கேட்கிற கேள்வியா இது! ஊசி போட்டாயிற்று.

குட்டிகளின் உயிரையே எடுக்கிற பார்வோ என்கிற குடல் நோய் பற்றித்தான் டாக்டர் அதிகம் பயமுறுத்தினார். அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வெயில் படாத, ஈரமான இடமென்றால் இன்னும் அதிக நாள். எங்கள் தெருவில் வெயில் படுகிற இடத்தைத்தான் தேட வேண்டும். அதனால் ஊசி முடியும்வரை பூந்தியைத் தரையில் விடவில்லை. துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு கடைக்குப் போய் வந்தேன். ஆள், ஆட்டோ, குரங்கு எல்லாம் பையிலிருந்தபடியே பார்த்துப் பழகினாள். முழுக் குளியலும் அதுவரை கிடையாது. வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து, அழுக்கான இடத்தை மட்டும் துடைத்தெடுத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றுவோம்.

குளிரைச் சமாளிப்பது நினைத்த அளவு கஷ்டமாக இல்லை. அட்டைப்பெட்டியில் கம்பளி, ஒரு மூலையில் துண்டு சுற்றிய சுடுதண்ணீர்ப் பை. பெட்டியின் மறுபாதி சூடில்லாமல் இருக்க வேண்டும், சூடு அதிகமானால் குட்டி தானே நகர்ந்து படுக்கும். கரண்ட் போன இரவுகளில் கரி அடுப்பை அறைக்குள் வைக்கலாமே என்று ஒருவர் சொன்னார். கதவடைத்த அறைக்குள் கரிப்புகை மனிதரையே கொன்றுவிடும், இதில் நாய்க்குட்டி எம்மாத்திரம்?

சீப்பு விஷயத்துக்கு வருகிறேன். ஸ்லிக்கர் பிரஷ் என்று கம்பி கம்பியாக ஒன்று விற்கிறார்கள். அதை மேலாகப் போட்டாலே நாய் பளபளவென்று ஆகிவிடும், நமக்கும் வேலை முடிந்த திருப்தி வந்துவிடும். அப்புறம் ஸ்டீல் சீப்பை எடுத்துக் காதுக்குப் பின்னால் விட்டுப் பாருங்கள், பாதியில் நிற்கும். சிக்கு இருப்பது தோலை ஒட்டி. காதுக்குப் பின்னால், முன்னங்கால் இடுக்கு, தொடை உள்பக்கம், கழுத்துப்பட்டை உரசுகிற இடம், இந்த நாலும்தான் எப்போதும் மாட்டும். மடியில் மல்லாக்கப் போட்டு, முடியை வகிடு எடுத்தாற்போல் விலக்கி, கீழ் அடுக்கிலிருந்து மேலே மேலே வாரிக்கொண்டு போக வேண்டும். சிக்கின் அடியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டால் தோல் இழுபடாது. நுனியிலிருந்துதான் பிரிக்க வேண்டும். பெண் குழந்தைக்குத் தலை வாரிவிட்ட கை என்றால் இது பாதி தெரிந்த வேலை. பிடிவாதமான சிக்கில் ஒரு சிட்டிகை கார்ன்ஃப்ளவர் மாவைத் தேய்த்தால் முடி வழுக்கிக்கொண்டு பிரியும். கத்தரிக்கோல் கடைசி வழி. சிக்குக்குள் தோல் மடிந்து ஏறியிருப்பது கண்ணுக்குத் தெரியாது. அதனால் முதலில் தோலுக்கும் சிக்குக்கும் நடுவில் சீப்பைச் செருகிக்கொண்டு, சீப்புக்கு மேலேதான் வெட்ட வேண்டும்.

தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் ஐந்து நிமிடம் வாரினால் போதும். வாரி முடித்தால்தான் தட்டு வரும் என்று தெரிந்துகொண்ட பிறகு, சீப்பைக் கண்டாலே ஓடிவந்து படுத்துக்கொண்டாள். பாதங்களையும் அதே சமயம் தொட்டுப் பிடித்து அமுக்கிப் பழக்கினோம். நகம் வெட்டும்போது அது கைகொடுத்தது. நகத்துக்குள் ரத்தக்குழாய் ஓடும், வெள்ளை நகத்தில் இளஞ்சிவப்பாகத் தெரியும். பூந்திக்குப் பாதி நகம் கறுப்பு, அதில் எதுவும் தெரியாது, துளித்துளியாக நுனியை மட்டும்தான் எடுக்க வேண்டும்.

முதல் குளியலுக்கு முன்னால் பல நாள் ஹேர் டிரையரைப் பக்கத்து அறையில் ஓடவிட்டு, இங்கே பூந்திக்குச் சாப்பாடு வைத்தோம். அந்தச் சத்தத்துக்குப் பயந்துவிட்டால் காயவைக்கவே முடியாது. குளியல் மத்தியானத்தில்தான். கரண்ட் இருக்கிறதா, அன்றைக்கு மின்தடை அறிவிப்பு உண்டா என்றெல்லாம் பார்த்துக்கொண்டுதான் வாளியை எடுப்போம். குளிப்பதற்கு முன்பே முழுக்க வாரிவிட வேண்டும், சிக்கில் தண்ணீர் பட்டால் இறுகிக் கட்டியாகிவிடும். தண்ணீர் மணிக்கட்டில் பட்டால் வெதுவெதுப்பு, அவ்வளவுதான். நம் ஷாம்பு ஆகாது, நாய்த்தோலின் தன்மை வேறு. நாய்க்குட்டி ஷாம்புவை மக்கில் கரைத்து ஊற்றினால் சீக்கிரம் அலசிவிடலாம். முகத்தில் தண்ணீர் ஊற்றுவதே இல்லை, ஈரத்துணிதான். ஷிட்சூவுக்குக் கண் வெளியே துருத்திக்கொண்டிருக்கும், நுரை பட்டால் புண்ணாகிவிடும்.

இதெல்லாம் பத்து நிமிடம். காயவைக்க முக்கால் மணி நேரம். டர்க்கித் துண்டைவிடப் பழைய பருத்தி வேட்டி நன்றாக ஈரம் இழுக்கிறது. நாலு துண்டாகக் கிழித்து வைத்திருக்கிறேன். தேய்க்கக் கூடாது, அமுக்கி எடுக்க வேண்டும், தேய்த்தால் மறுபடியும் சிக்கு. பிறகு டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, காற்றுக்கும் தோலுக்கும் நடுவில் என் கையை வைத்துக்கொண்டு, சீப்பால் முடியைத் தூக்கித் தூக்கி விடுவேன். மேலே காய்ந்துவிட்டது என்று முதுகு சொல்லும், வயிறு பொய் சொல்லாது. முடியை விலக்கி என் உதட்டைத் தோலில் வைத்துப் பார்ப்பேன். ஜில்லென்று இருந்தால் இன்னும் ஈரம். அக்குள், காதுக்குப் பின்னால், விரலிடுக்கு மூன்றும் கடைசியில் காயும். அதை அப்படியே விட்டால் இரண்டு நாளில் புளித்த வாடை வரும், தோல் சிவக்கும், நக்கிக்கொண்டே இருக்கும். மழைக்காலத்தில் மாதம் ஒரு குளியலுக்கு மேல் நான் போவதில்லை. தினமும் வாரினால் அதற்கு மேல் தேவையும் இல்லை.

காதைத் தினமும் தூக்கி முகர்ந்து பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. தொங்கு காது, உள்ளே முடி, வெளியே மூடுபனி. வாடை வந்தால் டாக்டரிடம் போய்விடுவேன், பட்ஸ் விட்டுக் குடைவதில்லை.

நீலகிரி என்பதால் வருகிற ஆபத்து என்று தனியாகச் சில உண்டு. முதலாவது தைலம். சளியா, தைலம், உண்ணியா, தைலம், நாய் சோர்ந்து படுத்திருக்கிறதா, அதற்கும் தைலம். யூகலிப்டஸ் தைலம் நாய்க்கு விஷம், முடியில் தடவினாலும் நக்கி உள்ளே போகும். பக்கத்து வீட்டு அக்கா அன்போடு பாட்டிலைக் கொண்டுவந்தபோது, மனம் நோகாமல் வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டேன். எனக்குத் தலைவலிக்கு ஆயிற்று. இன்னொன்று, வருகிற விருந்தாளியெல்லாம் கொண்டுவருகிற ஊட்டி சாக்லேட். கறுப்பு சாக்லேட் இன்னும் மோசம். டீத்தூள் சக்கையும் குப்பைக்கூடையில் மூடிதான் இருக்க வேண்டும்.

ஊசி முடிந்து தரையில் இறக்கிய பிறகு அட்டைப்பூச்சி. புல்லில் நடந்து வந்தால் விரலிடுக்கை ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்போம். பாதத்தின் அடியில் வளர்கிற முடியைக் குட்டையாக வெட்டிவிட்டால் பார்ப்பதும் எளிது, ஈரமும் தங்காது. அட்டை மூக்குக்குள் போனால் வீட்டு வைத்தியம் கிடையாது, டாக்டர்தான். இருட்டிய பிறகு வெளியே விடுகிற பேச்சே இல்லை. கோத்தகிரிப் பக்கம் வாசல்வரை வந்து நாயைத் தூக்கிப்போகிற சிறுத்தைக்கு இவள் ஒரு வாய்க்குக்கூடக் காணமாட்டாள். ராத்திரிக்கு பாத்ரூமில் செய்தித்தாள், அவ்வளவுதான்.

வெயில் காலத்தில் எல்லாம் சுலபமாகிவிட்டது, காலை வெயிலில் திண்ணையில் படுத்தே காய்ந்துகொண்டாள். பத்தாவது மாதத்துக்கு மேல் மறுபடி தலைவலி. குட்டி முடி உதிர்ந்து பெரிய முடி வருகிற பருவம், உதிர்ந்தது கீழே விழாமல் புது முடியில் மாட்டிக்கொள்கிறது. காலையில் வாரினால் சாயங்காலம் சிக்கு. மொட்டை அடித்துவிடலாமா என்று வீட்டில் ஒரு கட்சி. இந்தக் குளிரில் மொட்டை எனக்குச் சரியாகப் படவில்லை. உடம்பெல்லாம் ஒரு அங்குலத்துக்கு ஒட்ட வெட்டி, கண்ணை மறைக்கிற முடியையும் பின்பக்கத்து முடியையும் மட்டும் இன்னும் குறைத்துவிட்டோம். பார்க்க அவ்வளவு அழகில்லை, ஆனால் காயவைக்கிற நேரம் பாதியாகிவிட்டது.

இப்போது இருக்கிற ஒரே வேலை பல். கீழே புதுக் கோரைப்பல் முளைத்தும் பக்கத்திலேயே பால்பல் ஒன்று விழாமல் நிற்கிறது, சின்ன இனங்களுக்கு இது சகஜமாம். நடுவில் உணவு சிக்கிப் பல் கெடும் என்பதால், கருத்தடை ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கும்போதே அதையும் பிடுங்கிவிடலாம் என்கிறார் டாக்டர். தையல் ஆறும்வரை நனையக் கூடாது. ஐப்பசியில் அதெல்லாம் நடக்கிற காரியமில்லை என்று புரட்டாசியிலேயே தேதி கேட்டு வைத்திருக்கிறோம்.