கல்லறைக்குக் காவல் நிற்கும் சர்தார்

ஞாயிறு காலை புக்கிட் பிரவுன் போயிருந்தேன். சிங்கப்பூரில் பேய்க்குப் பயந்தவர்களைவிட அட்டைக்கும் கொசுவுக்கும் பயந்தவர்கள்தான் அங்கே போக யோசிக்க வேண்டும்!

1922இல் திறந்து 1973இல் மூடிய சீன இடுகாடு. சுமார் ஒரு லட்சம் கல்லறைகள். தூங்குமூஞ்சி மரங்களின் கிளை முழுக்கப் பெரணி. அதற்குக் கீழே பூப்போட்ட பீங்கான் ஓடுகள், வண்ணம் இன்னும் மங்கவில்லை.

எனக்குப் பிடித்தது சீக்கியக் காவலர் சிலைகள்தான். தலைப்பாகை, தாடி, கையில் துப்பாக்கி, விறைப்பான நிற்பு. அந்தக் காலத்துப் பணக்காரச் சீனர்கள் வீட்டுக் காவலுக்குச் சீக்கியர்களை வைப்பார்கள். சரி, செத்த பிறகும் வாட்ச்மேன் வேண்டாமா?

ஆனால் சாலையை அவர்களால் தடுக்க முடியவில்லை. 2011இல் அறிவிப்பு வந்தது. 3,700க்கும் மேற்பட்ட கல்லறைகளைத் தோண்டி எடுத்துவிட்டு, நடுவே லோர்னி நெடுஞ்சாலையைப் போட்டார்கள். மிச்சமிருக்கும் நிலத்திலும் ஒருநாள் வீடுகள் வரும் என்பதுதான் திட்டம். இடம் இல்லாத ஊர், புரிகிறது. ஆனாலும் மனசு ஒப்பவில்லை.

தன்னார்வலர்கள் இன்னமும் ஆட்களைக் கூட்டிப்போய்க் கதை சொல்கிறார்கள். திரும்பும்போது ஒரு சர்தாரின் தோளில் ஓணான் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. படம் எடுப்பதற்குள் ஓடிவிட்டது.