காப்பர்பேண்டைச் சாப்பிட வைப்பது

வீட்டு ரீஃப் தொட்டியில் (பவளமும் பாறையும் வைத்த கடல்நீர்த் தொட்டி) காப்பர்பேண்ட் பட்டர்ஃபிளை மீன் செத்துப்போனால், பெரும்பாலும் பட்டினிதான் காரணம். தண்ணீர் சரியாக இருக்கும், உணவும் மிதந்துகொண்டிருக்கும், அதற்கு நடுவிலேயே மீன் மெலிந்துகொண்டே போகும். ஏன் என்று தெரிய அதன் மூக்கைப் பாருங்கள். இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், ஆஸ்திரேலியக் கரையோரங்களில், கொஞ்சம் கலங்கலான பவளத் திட்டுகளில் வாழும் மீன் இது. பாறை இடுக்கில் ஒளிந்திருக்கும் புழுவையும் குட்டி இறால் வகைகளையும் ஒவ்வொன்றாகக் கவ்வி இழுப்பதற்கென்றே அமைந்த நீண்ட மூக்கு. நுனியில் மிகச் சிறிய வாய். ஓடுகிற உணவைத் துரத்திப் பிடிக்கும் மீன் அல்ல. ஒரு மைசிஸ் (உறையவைத்து விற்கும் குட்டி இறால் போன்ற உயிர்) முன்னால் வந்தால் நின்று ஒரு கண்ணால் பார்க்கும், உடம்பைத் திருப்பி மறு கண்ணால் பார்க்கும், பிறகுதான் கவ்வும். அதற்குள் பக்கத்தில் இருக்கும் டாங் மீன் அதை விழுங்கிவிட்டிருக்கும்.

ஆகவே உணவு இடுக்கில் இருக்க வேண்டும், அவகாசம் வேண்டும், போட்டி இருக்கக் கூடாது. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

கடையில் பக்கவாட்டில் பார்த்து மயங்கிவிடாதீர்கள். பக்கவாட்டில் எல்லாக் காப்பர்பேண்டும் அழகுதான். மீன் உங்களை நேராகப் பார்த்துத் திரும்பும் வரை காத்திருங்கள். கண்ணுக்கு மேலே, முதுகுத் துடுப்பு தொடங்கும் இடம் வரை சதை இருபுறமும் லேசாகப் புடைத்திருக்க வேண்டும். அங்கே பள்ளம் விழுந்து கத்தி முனை போலத் தெரிந்தால், அந்த மீன் தன் சதையையே கரைத்துத் தின்ன ஆரம்பித்துவிட்டது. அதன் பிறகு மீட்பது மிகக் கடினம். விலை குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். மூக்கு நுனி சிவந்தோ வெளுத்தோ இருந்தால் வலையிலோ பையிலோ கண்ணாடியிலோ இடித்த காயம். வாய் வலிக்கும் மீன் சாப்பிடாது. ஒரு பக்கச் செவுளை மூடிக்கொண்டு மூச்சு வாங்கினால் செவுள் புழு இருக்கலாம். வாலிலிருந்து மூக்கு வரை 8 முதல் 11 செ.மீ. இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். இதைவிடச் சிறியதற்குச் சேமிப்புக் கொழுப்பு இல்லை; பெரியது பழக்கத்தை மாற்றிக்கொள்ளாது. கடைசியாக, உங்கள் கண் முன்னால் அது சாப்பிட வேண்டும். 'நேற்று சாப்பிட்டது' என்ற பதிலை ஏற்காதீர்கள். ஆஸ்திரேலிய மீனுக்கு விலை அதிகம்தான். ஆனால் பிடிப்பதிலும் அனுப்புவதிலும் பொதுவாகக் கவனம் கூடுதல் என்பதால் அந்த விலை நியாயமே.

வீட்டுக்கு வந்ததும் மணிக்கணக்கில் சொட்டு சொட்டாகத் தண்ணீர் விடும் முறை வேண்டாம். பையைத் திறந்ததும் உள்ளே சேர்ந்திருந்த கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், பிஹெச் ஏறும், அதுவரை அவ்வளவு தீங்கில்லாமல் இருந்த அம்மோனியா விஷமாகும். பல கடைகள் உப்படர்த்தியை (நன்னீரை 1.000 எனக் கொண்ட அளவில்) 1.020க்கும் கீழே வைத்திருக்கும். எனவே குவாரண்டைன் தொட்டியை, அதாவது புது மீனைத் தனியாக வைத்துக் கவனிக்கும் தொட்டியை, கடைத் தண்ணீரின் அளவுக்கே முன்கூட்டித் தயார் செய்து, பையை மூடியபடி 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பநிலை சமமானதும் மீனை மட்டும் மாற்றுங்கள். பிறகு நாளுக்கு 0.002க்கு மேல் போகாமல் 1.025 வரை ஏற்றலாம்.

குவாரண்டைனுக்கு 60 லிட்டர் தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், இரண்டு மூன்று பிவிசி முழங்கைக் குழாய்த் துண்டுகள் போதும். மூன்று பக்கக் கண்ணாடியை வெளியிலிருந்து தாளால் மறைத்துவிடுங்கள். தன் நிழலைப் பார்த்து மோதி மூக்கை உடைத்துக்கொள்ளும் மீன் இது. இங்கே பலரும் செய்யும் தவறு, முதல் நாளே மருந்து ஊற்றுவது. வெள்ளைப் புள்ளியோ, வெல்வெட் நோயின் பொன்தூசு போன்ற படலமோ, வேகமான மூச்சோ கண்டால் ஒழிய, மீன் ஒழுங்காகச் சாப்பிடும் வரை மருந்து வேண்டாம். புழு நீக்கும் மருந்தான பிராசிகுவாண்டலே பசியைக் குறைக்கும். தாமிர மருந்து இன்னும் மோசம். இந்த மீன் தாமிரத்தை நன்றாகத் தாங்குவதில்லை. வெள்ளைப் புள்ளி நோய்க்கு, 72 மணி நேரத்துக்கு ஒருமுறை முழுக்க உலர்த்திச் சுத்தம் செய்த வேறு தொட்டிக்கு நான்கு தடவை மாற்றும் முறை மேல். ஒட்டுண்ணி மீனைவிட்டு இறங்கி, தரையில் கூடு கட்டிப் பெருகி, மறுபடி ஏறுவதற்குள் மீன் இடம் மாறிவிடும். ஆனால் வெல்வெட்டுக்கு இது உதவாது.

புழுக்களுக்குப் பிராசிகுவாண்டல் லிட்டருக்கு 2.5 மி.கி., அதாவது 60 லிட்டருக்கு 150 மி.கி. முட்டையை அது கொல்லாது என்பதால் 5 முதல் 7 நாளில் இரண்டாவது முறை கட்டாயம். மருந்து இருக்கும்போது, அதை உறிஞ்சிவிடும் ஃபில்டர் கார்பன் இருந்தால் எடுத்துவிட்டு ஏர் பம்பைக் கூட்டி வையுங்கள். பாக்டீரியா பெருகி ஆக்சிஜனைத் தின்றுவிடும்.

இப்போது உணவு. வந்த இடத்தில் மூன்று நாள் வரை வாய் திறக்காதது இயல்பு. அதற்கு மேல் காத்திருக்காமல் உயிருணவைக் கொண்டுவாருங்கள். சென்னையில் கொளத்தூர்ப் பக்கம் டியூபிஃபெக்ஸ் என்ற மெல்லிய நன்னீர்ப் புழு எளிதாகக் கிடைக்கும். சிவந்த, ஒரே கொத்தாகச் சுருண்டு நெளியும் புழுவை வாங்கி, ஓடும் தண்ணீரில் அலசி, குளிர்பதனப் பெட்டியில் அரை அங்குலத் தண்ணீரில் வைத்து, தினம் இரண்டு தடவை தண்ணீர் மாற்றி, இரண்டு நாள் கழித்துப் பயன்படுத்துங்கள். நன்னீர்ப் புழு உப்பு நீரில் சில நிமிடங்கள்தான் துடிக்கும். அந்தத் துடிப்புதான் மீனைக் கவரும். அதனால் ஒரு சிட்டிகை மட்டும், பாறைப் பொந்திலோ குழாய்த் துண்டிலோ. சாக்கடை ஓரத்தில் எடுக்கிற புழு என்பதால் இதை வாய் திறக்க வைக்கும் சாவியாக மட்டுமே பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் நிறுத்திவிடுங்கள்.

அதைவிட நல்லது மட்டி. மீன் சந்தையில் வாங்கி ஓர் இரவாவது ஃப்ரீசரில் வைத்து எடுத்து, ஓட்டைத் திறந்து பாதி ஓட்டோடு பாறையிலோ குழாய்த் துண்டிலோ சாய்த்து வையுங்கள். சதையைத் தொட்டுப் பார்ப்பது, பின்வாங்குவது, மறுபடி வருவது என்று சுற்றும். ஒரு நூல் அளவு சதை பிய்ந்து வந்ததும் விடாது. இரண்டு மூன்று மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். மறந்தால் இரவுக்குள் அம்மோனியா ஏறும்.

மட்டியைக் குத்த ஆரம்பித்ததும் மைசிஸுக்கு மாற்றுவது இப்படி: ஒரு சாண் பிவிசி குழாயில் 5 மி.மீ. துளைகள் பத்துப் பன்னிரண்டு போட்டு, உள்ளே உறைபனி கரைத்த மைசிஸையும் நறுக்கிய மட்டியையும் அடைத்து, இரு முனையையும் ஸ்பாஞ்சால் மூடி, கல் கட்டி அடியில் போடுங்கள். துளைக்குள் அந்த மூக்கு சரியாக நுழையும். டாங், ராஸ் போன்ற மற்ற மீன்கள் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மட்டியின் அளவை நாளுக்குக் கொஞ்சமாகக் குறைத்து மைசிஸைக் கூட்டினால் பத்துப் பதினைந்து நாளில் பழகிவிடும். அதன் பிறகு 60 மி.லி. சிரிஞ்சில் ஏர் குழாயைச் செருகி, மைசிஸைப் பாறை இடுக்குகளில் மெதுவாக ஊதிவிடலாம். அப்போது பம்புகளை 15 நிமிடம் நிறுத்துங்கள். மற்ற மீன்களுக்கு அதற்கு முன்பே தொட்டியின் மறு மூலையில் போட்டு வயிற்றை நிரப்பிவிடுங்கள்.

நாளுக்கு மூன்று வேளை வேண்டும். முதல் இரண்டு மாதம் நான்கு. வளர்ந்த ஆர்டிமியாவை (உப்புநீர்க் குட்டி இறால்) மட்டும் நம்பினால் வயிறு உருண்டிருக்கும், முதுகு மெலியும். அதில் சத்துக் குறைவு. கொடுப்பதானால் கொழுப்பமிலக் கரைசலில் ஊறவைத்துக் கொடுங்கள். வாரம் ஒருமுறை எதிரிலிருந்து ஒரு புகைப்படம் எடுத்து, கண்ணுக்கு மேலுள்ள சதையை ஒப்பிடுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மெலிவு தெரியாது.

தொட்டி குறைந்தது 450 லிட்டர், ஒரு வருடம் பழகியதாக இருக்கட்டும். புதுத் தொட்டியின் பாறையில் கொறிக்க ஒன்றும் இருக்காது. பாறை என்றதும் ராமேஸ்வரம் பக்கம் கிடைக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கவே கூடாது. நம் கடலின் கல் பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. செயற்கைப் பாறையை வாங்கி, மாதக்கணக்கில் பழக்கினால் போதும். சம்பில் (தொட்டியோடு இணைந்த துணைத் தொட்டி) ரெஃப்யூஜியம், அதாவது சிற்றுயிர்கள் பெருகத் தனி இடம், வைத்தால் ஆம்ஃபிபாடு என்ற சிற்றுயிர்களும் புழுக்களும் அங்கே பெருகித் தொட்டிக்கும் வரும். வெப்பம் 24 முதல் 26 டிகிரி. சென்னையின் மே மாதத்தில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் இது நடக்காது. நிறையத் தீனி போடுவதால் கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் பெரியதாக இருக்கட்டும். வாரம் 10 முதல் 15 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள்.

ஒரே ஒரு காப்பர்பேண்ட்தான். இரண்டு சேர்ந்தால் சண்டை. கோபி, ஃபயர்ஃபிஷ், கார்டினல் போன்ற அமைதியானவை நல்ல துணை. முரட்டு டாங் ஏற்கெனவே இருந்தால், காப்பர்பேண்டைத் துளையிட்ட அக்ரிலிக் பெட்டிக்குள் ஒரு வாரம் வைத்துக் காட்டிவிட்டுத் திறந்துவிடுங்கள். விசிறிப் புழுக்களும் கிறிஸ்மஸ் மரப் புழுக்களும் தப்பாது. ராட்சத மட்டியின் ஓரத்தையும் சில மீன்கள் கடிக்கும்.

அய்ப்டேசியாவை (தொட்டியில் களை போலப் பெருகும் சிறிய கடல் அனிமோன்) ஒழிக்கவே இதை வாங்குகிறவர்கள் அதிகம். சில காப்பர்பேண்ட் ஒரே வாரத்தில் தொட்டியைத் துடைத்துவிடும், சில திரும்பியே பார்க்காது. அந்த வேலைக்காக மட்டும் வாங்குவது மீனுக்குச் செய்கிற அநியாயம். சாப்பிடுகிற மீனாக அமைந்தால், 20 லிட்டர் வாளியில் ஒரு கல்லில் அய்ப்டேசியாவைத் தனியாக வளர்த்து, அவ்வப்போது கல்லோடு உள்ளே வைக்கலாம்.

ஊருக்குப் போகும்போது தானியங்கித் தீனிப் பெட்டி இதற்கு உதவாது. அது உதிர்க்கும் குருணையை இந்த மீன் பார்க்காது. மைசிஸையும் மட்டியையும் வேளைக்கு ஒரு பங்காகச் சின்ன டப்பாக்களில் ஃப்ரீசரில் அடுக்கி, டப்பா மேல் கிழமையும் நேரமும் எழுதி, பிவிசி குழாயில் எப்படி அடைப்பது என்று பக்கத்து வீட்டாருக்கு ஒரு தடவை கையால் செய்து காட்டிவிட்டுப் போங்கள். மிச்சத்தை எடுப்பதையும் சேர்த்துக் காட்டுங்கள்.